பழைய சர்ச்சுகளை கலைக்காகப் பாக்கப் போறவங்களுக்கு: சென்னையை வச்சு அடிக்கடி வர்ற கேள்விகள்

மகாபலிபுரம், தஞ்சாவூர்னு தேடித்தேடி போறவங்க கூட சென்னைக்குள்ளயே இருக்குற முந்நூறு வருஷ கட்டடங்களை பஸ்ல தாண்டிப் போயிட்டே இருக்கோம். தெரிஞ்சவங்க கேக்குற கேள்விகளை இங்க ஒரே எடத்துல போட்டு வச்சிருக்கேன். பெரும்பாலும் சென்னைதான், கடைசில கொஞ்சம் தரங்கம்பாடி, தஞ்சாவூர்.

நான் கிறிஸ்டியன் இல்ல. சும்மா பாக்கப் போனா உள்ள விடுவாங்களா?

விடுவாங்க, யாரும் ஜாதி மதம் கேக்க மாட்டாங்க. சாந்தோம், பரங்கிமலை மாதிரி கத்தோலிக்க கோயில்களுக்கு எல்லா மதத்து ஆளுங்களும் மெழுகுவத்தி ஏத்த வர்றது நம்ம ஊர்ல சாதாரணம், அதனால நீங்க தனியா தெரியவே மாட்டீங்க. டிக்கெட் எதுவும் கிடையாது, உண்டியல்ல போடுறது உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு, பூசை நடக்கும்போது நீங்க உள்ள இருந்து, எல்லாரும் எந்திரிச்சு நற்கருணை வாங்க வரிசையில போனா, பிரசாதம் மாதிரி நெனச்சு நீங்களும் போயி நிக்காதீங்க, அது ஞானஸ்நானம் எடுத்து அதுக்கு தயாரானவங்களுக்கு மட்டும். பெஞ்ச்சுல உக்காந்தே இருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

எப்ப போனா நல்லது?

ஞாயித்துக்கிழமை காலையில போகாதீங்க, அடுத்தடுத்து ஆராதனை இருக்கும், நடந்து பாக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம்னா கல்யாணத்துல மாட்டுவீங்க, பூ அலங்காரமும் ஸ்டேஜ் லைட்டும் சேந்து தூணையே மறைச்சிடும். வார நாள் காலையில ஒம்போதரை பத்து மணிதான் என் சாய்ஸ். கத்தோலிக்க கோயில் பெரும்பாலும் நாள் பூரா தெறந்திருக்கும், ஆனா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சுகள் வார நாள்ல பல எடத்துல பூட்டித்தான் கெடக்கும். பூட்டியிருந்தா திரும்பி வந்துடாதீங்க, காம்பவுண்டுக்குள்ளயே ஆபீஸ் இருக்கும், இல்லன்னா சர்ச்சைப் பாத்துக்குற கோயில்பிள்ளை யாராவது இருப்பாரு, "கட்டடத்தைப் பாக்க வந்தோம் ஐயா"ன்னு சொன்னா தெறந்து விட்டுட்டு கூடவே நின்னு கதையும் சொல்லுவாரு.

ஒரே ஒரு சர்ச் தான் பாக்க டைம் இருக்கு, எது?

எக்மோர் செயின்ட் ஆண்ட்ரூஸ், கிர்க்னு சொல்றது. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

பூந்தமல்லி ஹைரோட்டுல, எக்மோர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். 1818ல அஸ்திவாரம் போட்டு 1821ல தெறந்தது. கட்டுனது தாமஸ் டி ஹாவிலண்ட்ங்கற கிழக்கிந்தியக் கம்பெனி இன்ஜினியர். லண்டன்ல செயின்ட் மார்ட்டின்ஸ்னு ஒரு ஃபேமஸான சர்ச் இருக்கு, ஜேம்ஸ் கிப்ஸ் டிசைன் பண்ணது. அவர் மொதல்ல அதை வட்டமா கட்டத்தான் பிளான் போட்டாரு, செலவு ஜாஸ்தின்னு அங்க வேணாம்னுட்டாங்க, அப்புறம் நீள்சதுரமா கட்டுனாங்க. ஆனா அந்த வட்ட பிளானை கிப்ஸ் புத்தகத்துல அச்சடிச்சு வச்சிருந்தாரு, லண்டன்ல வேணாம்னு ஒதுக்குனது கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு எக்மோர்ல எழும்பி நிக்குது.

உள்ள போனதும் நேரா நடு எடத்துல போயி நின்னு மேல பாருங்க. பதினாறு கொரிந்தியன் தூண் (உச்சியில இலை செதுக்குன மாதிரி இருக்கும்) வட்டமா நிக்கும், அதுக்கு மேல அம்பது அடிக்குக் கொஞ்சம் மேல அகலத்துல ஒரு டோம், உள்பக்கம் ஆழமான நீலம், அதுல தங்க நட்சத்திரம். இந்த நீலத்துக்கு லாபிஸ் லசூலிங்கற நீலக் கல்லைப் பொடி பண்ணி போட்டாங்கன்னு சொல்லுவாங்க. இவ்வளவு பெரிய டோமை மரமே இல்லாம செங்கல்லுல வளைச்சிருக்காங்க. கீழ நின்னு ஒரு தடவை லேசா தொண்டையைச் செருமிப் பாருங்க, சத்தம் மேல போயி சுத்திட்டு வரும்.

அந்த எடம் சதுப்பு நெலம்னு சொல்றாங்களே, எப்படி நிக்குது?

இதுதான் கிர்க்ல எனக்குப் பிடிச்ச பகுதி, ஆனா கண்ணுக்குத் தெரியாது. அந்த எடம் சேறும் மணலுமா ஈரமான மண்ணு, சாதாரண அஸ்திவாரம் போட்டா எறங்கிடும். டி ஹாவிலண்ட் என்ன பண்ணாருன்னா நம்ம ஊர்ல ஏற்கனவே இருந்த கிணறு எறக்குற முறையை எடுத்துக்கிட்டாரு, அதாவது செங்கல் கிணறு, சுடுமண் ஒறை கிணறுன்னு நூத்துக்கும் மேல பூமிக்குள்ள எறக்கி, கெட்டியான அடி வர்ற வரைக்கும் தோண்டிக்கிட்டே எறக்கி, உள்ள கல்லும் மண்ணும் அடைச்சு, அதுக்கு மேல கட்டடத்தை உக்கார வச்சிருக்காரு. சில கிணறு 14 அடி, சிலது 50 அடி வரைக்கும் போகுது. பிளான் லண்டன்ல இருந்து வந்தது சரி, ஆனா அந்த 166 அடி கோபுரத்தை இருநூறு வருஷமா சாயாம தாங்கிட்டு இருக்குறது நம்மாளுங்க கிணறு வெட்டுன அறிவு. டூரிஸ்ட் போர்டுல டி ஹாவிலண்ட் பேரு இருக்கு, கிணறு எறக்குனவங்க பேரு ஒண்ணு கூட இல்ல.

தூணெல்லாம் மார்பிளா?

இல்லங்க, பெரும்பாலும் செங்கல்லுதான், மேல சுண்ணாம்புப் பூச்சு. மெட்ராஸ் சுண்ணாம்புன்னு அந்தக் காலத்துல வெளிநாட்டுக்காரங்க எழுதி எழுதி வியந்த சமாச்சாரம் இது. கடல் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, நைசான மணல், அடிப்பூச்சுல வெல்லத்தண்ணி கடுக்காய்த்தண்ணி, மேல் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய்னு சேத்து, பூச்சு காயறதுக்குள்ள வழவழப்பான கல்லை வச்சு மணிக்கணக்கா தேய்ப்பாங்க, தேய்க்கத் தேய்க்க பளபளப்பு ஏறும். செட்டிநாட்டு வீட்டுச் சுவத்தைத் தொட்டவங்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

கொத்தனார் குடும்பத்து ஆளு யாராவது கூட வந்தா, சில சர்ச்சுல தூணைப் பாத்ததும் முகம் சுளிப்பாங்க. காரணம், சுண்ணாம்புச் சுவத்து மேல சிமென்ட் பூசி, அதுக்கு மேல பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சு வச்சிருப்பாங்க. சுண்ணாம்பு சுவாசிக்கிற பூச்சு, சுவத்துல ஏறுற ஈரம் வெளிய போயிடும். சிமென்ட் போட்டா ஈரம் உள்ளயே நின்னு ஒரு நாள் பொத்துன்னு பாளமா விழும். நான் பாத்த ஒரு பழைய சர்ச்சுல கல்லுத் தரைக்கு மேல வழுக்குற வெள்ளை டைல்ஸ் ஒட்டி, கல்லறைக் கல்வெட்டு ரெண்டையும் சேத்து மூடிட்டாங்க, கேட்டா "நன்கொடை வந்துச்சு, பளிச்னு ஆக்கிட்டோம்"ங்கறாங்க. என்னத்தச் சொல்ல.

கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் மேரிஸுக்கு போறது கஷ்டமா?

கஷ்டம் இல்ல, ஆனா அது தலைமைச் செயலகம் இருக்குற காம்பவுண்டு, அதனால ஐடி கார்டு கட்டாயம் கையில இருக்கணும், பையைச் செக் பண்ணுவாங்க, சட்டசபை நடக்குற நாள்ல கெடுபிடி ஜாஸ்தி. பக்கத்துலயே கோட்டை மியூசியம் இருக்கு, அது வெள்ளிக்கிழமை லீவு, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னா வெள்ளியைத் தவிர்த்துடுங்க.

1680ல தெறந்த சர்ச் இது, சூயஸுக்குக் கிழக்கே இருக்குற ஆங்கிலிகன் (இங்கிலாந்து திருச்சபை) சர்ச்சுல இதுதான் பழசு. அழகுன்னு எதிர்பாத்துப் போனா மொதல்ல ஏமாத்தமா இருக்கும், ஏன்னா இது கோட்டைக்குள்ள பீரங்கிக் குண்டுக்குத் தாக்குப்பிடிக்கணும்னே கட்டுனது. வெளிச்சுவர் நாலு அடி கனம். கூரை மரம் இல்லாம மூணு அரைவட்ட வளைவா செங்கல்லுல, ரெண்டு அடி கனம். அந்த கண்ணோட பாத்தாதான் இந்தக் கட்டடம் பிடிபடும். கோபுரமும் கூரான ஸ்டீப்பிளும் பின்னாடி சேத்தது.

அங்க கிளைவ் கல்யாணம் தவிர வேற என்ன பாக்கறது?

கம்பெனி படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் 1753ல, அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டிக்குப் பேரு வந்த எலிஹு யேல் 1680ல, ரெண்டு கல்யாணமும் இங்கதான், கைடு எல்லாரும் அதையே சொல்லுவாங்க. நான் சொல்றது வேற மூணு.

ஒண்ணு, ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரம் கருங்கல்லுல செஞ்சது. கல்கத்தாவுல குடியேத்தம் ஆரம்பிச்ச ஜாப் சார்னாக் தன்னோட மூணு பொண்ணுங்களுக்கு 1689ல இந்த சர்ச்சுலதான் ஞானஸ்நானம் குடுத்தாரு. அவர் செத்தப்பறம் கல்கத்தாவுல அவர் கல்லறை மேல வச்ச கல்லும் பல்லாவரத்துக் கல்லுதான், பின்னாடி ஹாலண்டுங்கற புவியியலாளர் அதை ஆராய்ஞ்சு அந்தக் கல்லு வகைக்கே சார்னகைட்னு பேரு வச்சுட்டாரு. பல்லாவரம் பக்கம் ரயில்ல போறப்ப தெரியுற மலை இருக்கே, அதே கல்லு.

ரெண்டு, வெளிய தரையில பதிச்சிருக்குற கல்லறைக் கற்கள். கீழ பொணம் கிடையாது, கல்லு மட்டும்தான். பழைய இடுகாடு கோட்டைக்கு வெளிய, பழைய சட்டக்கல்லூரி கட்டடம் இருக்குற பக்கம் இருந்துச்சு. 1758-59ல பிரெஞ்சுக்காரங்க முற்றுகை போட்டப்ப அந்தக் கல்லறைகளுக்குப் பின்னாடி மறைஞ்சுகிட்டு சுட்டாங்க, அதனால முற்றுகை முடிஞ்சதும் எல்லாத்தையும் இடிச்சு, கல்லுகளை மட்டும் இங்க கொண்டாந்து போட்டாங்க. லத்தீன், போர்த்துகீஸ், ஆர்மீனியன் எழுத்தெல்லாம் பக்கத்துல பக்கத்துல கெடக்கும். 1652ல செத்துப்போன எலிசபெத் பேக்கரோட கல்லு அதுலயே பழசு.

மூணாவது, ஸ்வார்ட்ஸ் நினைவுச் சின்னம். இதுக்குத் தனியா ஒரு கேள்வி போடுறேன்.

ஸ்வார்ட்ஸ் சிலை சென்னைலயும் இருக்கு தஞ்சாவூர்லயும் இருக்கே, ரெண்டும் ஒண்ணா?

இல்ல, ரெண்டையும் பாத்தா ஒரே சாவை ரெண்டு பேரு எப்படிச் சொல்றாங்கன்னு தெரியும். கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் ஜெர்மன் மிஷனரி, தஞ்சாவூர்ல 1798ல செத்தாரு, இளவரசர் சரபோஜிக்கு பாதுகாவலர் மாதிரி இருந்தவரு.

சென்னை செயின்ட் மேரிஸ்ல இருக்குறது கிழக்கிந்தியக் கம்பெனி காசு குடுத்து ஜான் பேக்கன் ஜூனியர் செஞ்சது. படுக்கையில ஸ்வார்ட்ஸ், சுத்தி அவர் வளத்த சின்னப் பசங்க, ஒரு பையன் அவர் கையைப் புடிச்சு கட்டிக்கிட்டு இருக்கான், இன்னொரு மிஷனரி தலையைத் தாங்குறாரு. ஆனா ஸ்வார்ட்ஸ் பார்வை இவங்க யாரு மேலயும் இல்ல, மேல ஒரு தேவதை சிலுவையோட எறங்கி வருது, கை அந்தப் பக்கம் தூக்கியிருக்கு.

தஞ்சாவூர்ல சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779ல ஸ்வார்ட்ஸ் கட்டுன சர்ச் இருக்கு, அங்க இருக்குறது ஜான் ஃப்ளாக்ஸ்மன் செஞ்சது, ஆர்டர் குடுத்தது ரெண்டாம் சரபோஜி. இதுல தேவதையைத் தேடாதீங்க. படுக்கை பக்கத்துல ராஜாவே நின்னு செத்துட்டு இருக்குற பெரியவர் கையைப் புடிச்சிருக்காரு, தலைமாட்டுல மிஷனரி கெரிக்கே, கால்மாட்டுல பசங்க. தலைப்பாகை கட்டுன ஒரு மராத்தி ராஜாவை லண்டன் சிற்பி வெள்ளை மார்பிள்ல செதுக்கி, அது கப்பல்ல வந்து தஞ்சாவூர் சர்ச்சுக்குள்ள இருக்கு, யாரும் பெருசா பேசுறதே இல்ல. பெரிய கோயில் போறவங்க நடந்தே போயிடலாம். சர்ச் பூட்டியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, மேல சொன்ன மாதிரி ஆளைத் தேடிக் கேக்கணும்.

கத்தோலிக்க கோயிலுக்கும் சிஎஸ்ஐ சர்ச்சுக்கும் உள்ள பாக்குறதுல என்ன வித்தியாசம்?

கத்தோலிக்க கோயில்ல கண்ணு நேரா பீடத்துக்குப் போகும், சுரூபம், ஓவியம், பக்க பீடம், சுவத்துல வரிசையா சிலுவைப் பாதைப் படம் பதினாலு. கதை சொல்ற கலை எல்லாம் அங்கதான். பழைய ஆங்கிலேய சர்ச்சுல சுரூபமே இருக்காது, அந்த எடத்தை சுவத்து முழுக்க நினைவுக் கல்வெட்டும் மார்பிள் சிலையும் புடிச்சுக்கும். கதீட்ரல் ரோட்டுல 1816ல பிரதிஷ்டை பண்ண செயின்ட் ஜார்ஜஸ் கதீட்ரல் இதுக்கு சரியான உதாரணம், நல்ல அயோனிக் (தலையில சுருள் வச்ச) தூண் வரிசை, உள்ள பிஷப் ஹீபர் சிலை, லண்டன்ல பெரிய கையா இருந்த சான்ட்ரி செஞ்சது. 1826ல திருச்சியில குளிக்கப் போன எடத்துல செத்தாரே அந்த ஹீபர்தான். அந்தக் கல்வெட்டுகள்ல வயசை மட்டும் படிச்சிட்டு வாங்க, இருபத்திரெண்டு, பத்தொம்போது, எட்டு மாசக் கொழந்தை, காலராவும் காய்ச்சலும் எப்படி அள்ளிட்டுப் போச்சுன்னு புரியும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ல தொடங்குனதும் இந்த கதீட்ரல்லதான்.

சாந்தோம் ஏன் லிஸ்ட்ல மேல இல்ல? அதுதானே ஃபேமஸ்?

வழிபாட்டுக்கு ஃபேமஸ், இயேசுவோட சீடர் தோமையார் (தோமா) கல்லறைன்னு நம்புற எடம், அதுல எனக்கு கருத்து சொல்ல ஒண்ணுமில்ல. கட்டடமா பாத்தா இப்ப நிக்குறது 1896ல முடிஞ்ச நியோ கோதிக் (கூரான வளைவு வச்ச பழைய ஐரோப்பியப் பாணியைத் திரும்பக் கட்டுறது), போர்த்துகீஸ்காரங்க 1523 வாக்குல கட்டுன கோயிலை எடுத்துட்டுக் கட்டுனது. அதனால "ஐநூறு வருஷ சர்ச்"னு நெனச்சுப் போகாதீங்க. ஆனா கண்ணாடி ஜன்னல் அருமை, பெரிய ஜன்னல்ல தோமா இயேசுவோட காயத்தைத் தொட்டுப் பாக்குற காட்சி. கலர் கண்ணாடி வெளிய வெயில் இருந்தாதான் உயிரோட இருக்கும், மழை மேகத்துல போனா பாதிதான் தெரியும். கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கீழ எறங்க தனி வழி இருக்கு, அங்க ஜனங்க ஜெபம் பண்ணிட்டு இருப்பாங்க, கேமராவைப் பைக்குள்ள வச்சிடுங்க.

பழசு வேணும்னா கச்சேரி ரோடு வழியா லஸ் சர்ச்சுக்குப் போங்க. காட்டுக்கோயில்னு பழைய மயிலாப்பூர்க்காரங்க சொல்லுவாங்க, கல்வெட்டு 1516னு சொல்லுது, இப்ப நிக்குற கட்டடத்துல எவ்வளவு அந்தக் காலத்துதுன்னு அறிஞர்களுக்குள்ள சண்டை. சின்னதா, நீல வெள்ளையா, பீடம் மட்டும் தங்கத் தகடு வேலையோட கனமா இருக்கும்.

ஆர்மீனியன் சர்ச்சுல பூசையே இல்லையாமே, எதுக்கு போகணும்?

அமைதிக்காகவே போகலாம், பாரீஸ் கார்னர் நெரிசல்ல இருந்து ஒரு கனமான மரக்கதவைத் தாண்டினா சத்தம் பாதியா கொறைஞ்சிடும். 1712ல தொடங்கி 1772ல மறுபடி கட்டுனது. சென்னைல ஆர்மீனியர்களே இப்ப கிட்டத்தட்ட இல்ல, கல்கத்தாவுல இருக்குற ஆர்மீனிய சபைதான் பராமரிக்குது. மணிக்கூண்டு சர்ச்சை ஒட்டாம தனியா நிக்கும், ஆறு மணி, அதுல ரெண்டு லண்டன் தாமஸ் மியர்ஸ் பட்டறையில 1837ல வாத்தது. தரை பூரா கல்லறைக் கல்லு, மிதிக்காம நடக்கவே முடியாது, பரவாயில்ல, ஆனா எழுத்து மேல ஷூவோட தேய்க்காதீங்க. உலகத்துலயே மொத ஆர்மீனியப் பத்திரிகையை 1794ல மெட்ராஸ்ல அச்சடிச்ச ஷ்மாவோனியன் பாதிரியார் கல்லறை இங்கதான். மதியத்துக்கு மேல பூட்டிடுவாங்க, காலையிலயே போயிடுங்க. ஹைகோர்ட் மெட்ரோல எறங்கி நடக்கலாம்.

பரங்கிமலை ஏறணுமா?

ஏறுங்க, வண்டியும் மேல வரைக்கும் போகும், ஆனா படியில ஏறுறது நல்லது, அந்தப் படி 1720கள்ல பெத்ரூஸ் உஸ்கான்ங்கற ஆர்மீனிய வியாபாரி கட்டிக் குடுத்தது, சைதாப்பேட்டையில அப்ப இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் காசுதான். மேல இருக்குற கோயில் பீடத்துல பதிச்சிருக்குற கல்லுச் சிலுவையைப் பக்கத்துல போயி பாருங்க. 1547ல அஸ்திவாரம் தோண்டும்போது கெடைச்சது, சுத்தி பஹ்லவி எழுத்து, பாரசீகத்து எழுத்துங்க அது. போர்த்துகீஸ்காரங்க கப்பல் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இங்க கிறிஸ்தவங்க இருந்ததுக்கு கையால தொடுற தூரத்துல ஒரு சாட்சி. அங்க இருக்குற ஓவியங்கள் மங்கிப் போயிருக்கு.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுட்டு எடுங்க, பெரும்பாலும் சரின்னுடுவாங்க. ஃபிளாஷ் வேணாம், டிரைபாட் வச்சா உடனே "எந்த சேனல்?"னு கேப்பாங்க. ஜெபம் பண்றவங்க முகம் வரக்கூடாது, பீடத்துக்கு முன்னாடி இருக்குற கிராதியைத் தாண்டக்கூடாது. ரீல்ஸ் எடுக்க பெஞ்ச் மேல ஏறுற கூட்டத்தால சில எடத்துல கேமராவே கூடாதுன்னு போர்டு போட்டுட்டாங்க.

ஒரே நாள்ல சுத்த ரூட் சொல்லுங்க.

காலையில கோட்டை, அங்கிருந்து ஆர்மீனியன், அப்புறம் எக்மோர் கிர்க், எக்மோர்லயே சாப்பாடு, வெயில் தணிஞ்சதும் லஸ், கடைசியா சாந்தோம், அப்படியே பீச். செயின்ட் ஜார்ஜஸையும் பரங்கிமலையையும் இன்னொரு நாளைக்கு வைங்க. நிஜமா சொன்னா மூணுக்கு மேல பாத்தா எல்லாம் கலந்துடும்.

சென்னைக்கு வெளிய ஒண்ணு சொல்லணும்னா?

தஞ்சாவூரை மேலயே சொல்லிட்டேன், அடுத்தது டென்மார்க்காரங்க ஆண்ட தரங்கம்பாடி. புது எருசலேம் ஆலயம் 1718, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கட்டுனது, முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெட்ரிக்கோட கிரீடம் வச்ச முத்திரை இருக்கும், அண்ணாந்து பாத்தாதான் தெரியும். அடுத்த வருஷமே, 1719ல, சீகன்பால்க் செத்துட்டாரு, பீடத்துக்கு முன்னாடியே அடக்கம். தெருவுல கொஞ்ச தூரத்துல 1701ல கட்டுன சீயோன் சர்ச், டேனிஷ் அதிகாரிகளுக்கானது. ரெண்டும் ஒரே ஊரு, ஒரே தெரு, ஆனா ஆட்சி பண்ண வந்தவங்களுக்கு ஒண்ணு, தமிழ் சபைக்கு ஒண்ணு.

கொழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா போரடிக்குமா?

ஆளுக்கு ஒரு வேலை குடுங்க, தூண் எண்ணு, ரொம்ப சின்ன வயசுல செத்தவங்க கல்லைக் கண்டுபுடி, எத்தனை மொழி எழுத்து இருக்குன்னு பாருன்னு. கிர்க்ல டோமுக்கு அடியில தரையில மல்லாக்கப் படுத்து நட்சத்திரம் எண்ணுனா வாட்ச்மேன் திட்டுவாரு, பெஞ்ச்சுல சாஞ்சுகிட்டு எண்ணச் சொல்லுங்க.

ஆர்கன் இசை எங்க கேக்கலாம்?

கிர்க்லயும் செயின்ட் ஜார்ஜஸ்லயும் ஞாயிறு காலை இங்கிலீஷ் ஆராதனைக்குப் போங்க. சுத்திப் பாக்க ஞாயிறு வேணாம்னு நான் சொன்னது உண்மைதான், கேக்கறதுக்கு ஞாயிறுதான். ஆராதனை நேரத்தை மொத நாளே சர்ச் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, பின்வரிசையில ஓரமா உக்காருங்க, எல்லாரும் எந்திரிக்கும்போது எந்திரிங்க, முடிஞ்சதும் ஜனங்க பேசிக்கிட்டே வெளிய போவாங்க, ஆர்கன் வாசிக்கிறவர் இன்னும் வாசிச்சுகிட்டே இருப்பாரு, அவசரப்பட்டு எந்திரிச்சுடாதீங்க, நல்ல பீஸ் அதுதான்.